மோனோடைப்பும் மெழுகும்: நுவரெலியாக் குளிரில் இரண்டு வருடம்

பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள்: "அக்கா, எண்ணெய் மையில மோனோடைப் எடுத்து மெழுகுல ஒட்டுறீங்களே, அது நமக்குச் சரிவருமா?" மோனோடைப் என்பது தகட்டில் மையால் வரைந்து, மேலே தாளை வைத்துத் தேய்த்து எடுக்கும் அச்சு; அந்தத் தாளை உருக்கிய மெழுகுப் பூச்சுக்குள் பதிப்பதுதான் என் வேலை. போன வாரம்தான் மெழுகு உருக்கும் மின்தட்டைப் பழுதுபார்த்து வாங்கினேன். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

தேன்மெழுகு எட்டுப் பங்கு, டாமர் என்ற மரப்பிசின் ஒரு பங்கு, அக்ரிலிக் தகட்டில் மை, கரண்டி முதுகால் தேய்ப்பு. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது குளிர்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்தில் சில நாள் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. அப்போது எழுந்து பார்த்தால், படத்தின் கறுப்புப் பகுதி முழுக்க கோதுமை மா தூவியது போல வெள்ளையாக இருக்கும். பூஞ்சணம் என்று நினைத்து முதல் படத்தைச் சுரண்டியே பாழாக்கினேன். அது தேன்மெழுகின் சுபாவம். குளிர்ந்தால் அதிலிருக்கும் ஒரு பகுதி மேலே வந்து பூக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும். அடுத்த குளிருக்குத் திரும்பி வரும். இரண்டு வருடமாகத் துடைக்கிறேன்.

மழைக்காலத்தில் மையும் காயாது. மூன்று வாரம் பொறுத்து, விரலில் ஒட்டவில்லை என்று நம்பி மெழுகைப் பூசினேன். தூரிகையோடு ஒரு கறுப்பு வால் இழுபட்டு வந்தது.

தட்டின் கதை வேறு. பழுதுபார்த்தவர் சூட்டுக் கட்டுப்பாட்டை என்ன செய்தாரோ, 80 பாகையில் வைத்தாலே புகை கிளம்புகிறது. மெழுகு புகையக் கூடாது. சரி என்று ஜன்னலைத் திறந்தால், தட்டிலிருந்து பலகைக்குப் போவதற்குள் தூரிகையிலேயே மெழுகு உறைகிறது. இதற்குக் கரண்ட் பில் வேறு!

ஆனால் தேயிலைப் பைத் தாளைச் சொல்லாமல் விடக்கூடாது. கொழுந்து பறிக்கும் வீட்டில் நாங்கள் குடிப்பது தூள்தான். பைகளை ஹோட்டலில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு வாங்குவேன். பிரித்து, கொட்டி, காயவைத்து, அதில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) தகரக் கூரை ஒன்றை அச்செடுத்தேன். முதல் பிரதி மிகவும் கறுப்பு. தகட்டில் மிஞ்சிய மையில் எடுத்த மங்கல் பிரதியை மெழுகில் வைத்து, மேலே இன்னொரு பூச்சு கொடுத்துச் சூட்டுக் காற்றைக் காட்டினேன். தாள் காணாமல் போய்விட்டது. கூரை மட்டும் மெழுகுக்குள் தொங்கியது. தேயிலைச் சாயக் கறை படிந்த ஓரம் மாத்திரம், மலையடியில் மஞ்சள் மூடுபனி போல நின்றது. அதைப் பார்த்த அம்மா, "மழை வரப்போகுது" என்றார்.

ஆகவே, வேண்டாம் தங்கச்சி. காசு, நேரம், பொறுமை மூன்றும் போகும். உன் ஊர் என் ஊரைவிட 600 மீற்றருக்கு மேல் தாழ்வு, குளிரும் குறைவு என்று சொல்லுவாய். அப்போதும் வேண்டாம்.

என்னிடம் ஒரு கிலோ மெழுகு மிச்சம் இருக்கிறது. கேட்காதே. மாசி மாதத்துக்கு எனக்கே போதாது.