அரை மணி நேர 'நடுவேனில் இரவுக் கனவு': தொடக்கப் பள்ளிக்கான நாடகப் பிரதி

ஷேக்ஸ்பியரின் ஐந்து அங்கங்களை 30 நிமிடத்துக்குச் சுருக்கியவர்கள், எதை விட்டுவைக்க வேண்டும் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறார்கள். நாடகத்துக்குள் நாடகமாகக் கைவினைஞர்கள் போடும் பிரமஸ்-திஸ்பி காதல் கூத்து முழுசாக இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைகள் வெளுத்து வாங்குவது அங்கேதான். குறும்புத் தேவதை பக்கின் வேடத்தை மூன்று பேருக்குப் பிரித்தது நல்ல யோசனை. வசனச் சுமை குறையும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் மற்ற இருவர் சமாளிப்பார்கள்.

காதலர் காட்சிகள்தான் தடுமாறுகின்றன. நால்வரும் மாறி மாறி விரட்டும்போது யார் யாரென்றே புரியாது. லைசாண்டர், ஹெர்மியாவுக்குச் சிவப்புத் துண்டு, டிமீட்ரியஸ், ஹெலனாவுக்கு நீலம் என இடுப்பில் கட்டிவிடுங்கள். ஹெலனாவின் ஆறு வரி வசனத்தை இரண்டிரண்டாக உடையுங்கள்.

மந்திரத்தால் கழுதைத் தலை முளைக்கும் நெசவாளி பாட்டமுக்குச் சொல்லியிருக்கும் அட்டைக் கழுதைத் தலை வேண்டவே வேண்டாம். வாயை மூடிவிடும், குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஹேர்பேண்டில் துணிக் காது தைத்து, உள்ளே கம்பி வைத்தால் போதும். கம்பி முனையை மட்டும் மடித்துவிடுங்கள், குத்தும்.