முயலின் காய்ச்சல், நண்டின் நீல இரத்தம், மனிதரின் சம்மதம்

சென்ற ஆண்டு தென்மேல் பருவ மழையோடு என் மகளுக்கு டெங்கு வந்தது. கொழும்பில் பொரளைப் பக்கத்து மருத்துவமனையொன்றில் மூன்று இரவுகள் அவளுடைய கட்டிலருகே இருந்தேன். தாதி வெப்பமானியோடு வந்து பார்த்து, எண்ணைக் குறித்துவிட்டுப் போவார். சேலைன் துளித்துளியாக இறங்கிக்கொண்டிருக்கும். மருந்தாளர் பட்டத்துக்குப் படிக்கும் என் பெறாமகள் துணைக்கு வந்திருந்தாள். இரண்டாம் இரவு அவள் கேட்டாள்: "சித்தப்பா, இந்தப் போத்தலுக்குள் காய்ச்சல் தருகிற எதுவும் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு தேடித்தேடிப் படித்ததை வைத்தே இதை எழுதுகிறேன். விலங்குகளைப் பரிசோதனைக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்று பொதுப்படையாகப் பேசினால், பேச்சு 'குழந்தையா, முயலா?' என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஒரேயொரு பரிசோதனையை எடுத்து, அதைச் செய்யும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது.

ஊசிமருந்தில் உயிருள்ள கிருமி இல்லாதிருந்தால் மட்டும் போதாது. செத்துப்போன பக்டீரியாவின் சுவர்த்துணுக்குகளும் இரத்தத்தில் கலந்தால் நடுக்கத்தோடு காய்ச்சலை உண்டாக்கும். அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இந்தத் துணுக்குகளை அகநச்சு என்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அழியாது, நீராவியில் கிருமிநீக்கம் செய்தாலும் எஞ்சும். கண்ணாடிக் குப்பியிலிருந்து அதை ஒழிக்க 250 பாகை செல்சியஸ் உலர்வெப்பத்தில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். ஆகவே பரிசோதிக்காமல் விடுவது ஒரு வழியே அல்ல.

பழைய வழி முயல். ஊசி போட்ட பின் வந்த மர்மக் காய்ச்சலுக்குக் காரணம் காய்ச்சி வடித்த நீரில் சேர்ந்த பக்டீரியா மாசுதான் என்பதை 1920களில் புளோரன்ஸ் சைபர்ட் முயல்களைக் கொண்டே நிறுவினார். 1942இல் அந்தச் சோதனை, மருந்துகளின் தர விதிகளைத் தொகுக்கும் அமெரிக்க மருந்து நியமநூலில் ஏறியது. நடைமுறை இதுதான்: மூன்று முயல்களை நகர முடியாதபடி பெட்டிகளில் இருத்துவார்கள். குதவழியாக வெப்பமானி. காதோர நாளத்தில் மருந்து. முதலாம் மணியிலிருந்து மூன்றாம் மணிவரை அரை மணிக்கொரு முறை வெப்பநிலை குறிக்கப்படும். எந்த முயலுக்கும் 0.5 பாகை கூடாவிட்டால் மருந்து தேறியது. கூடினால் இன்னும் ஐந்து முயல்கள். தேறிய முயலுக்கு இரண்டு நாள் ஓய்வு, பிறகு மீண்டும் அதே பெட்டி.

இதைப் படித்தபோது தாதியின் வெப்பமானி என் கண்முன் வந்தது. என் மகள் ஒவ்வொரு முறையும், "ஏன் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாள். தாதி சலிக்காமல் பதில் சொன்னார். அந்த முயலுக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆனாலும் 1942இல் அந்தப் பெட்டிக்கு நியாயம் இருந்தது என்றே நம்புகிறேன். உலகப் போரில் காயப்பட்டவர்களுக்கு நாளம் வழியே ஏற்றிய திரவங்களைச் சோதிக்க அன்று வேறு கருவி இல்லை. முயலின் உடல் எல்லா வகைக் காய்ச்சற் பொருட்களுக்கும் பதிலளிக்கும். அதன் பலம் அது. பலவீனமும் அந்த உடல்தான். பயந்த முயலின் வெப்பநிலை தானாகவே ஏறும், ஒன்று காட்டுவதை மற்றொன்று காட்டாது, காய்ச்சலைக் குறைக்கும் மருந்தை அதில் சோதிக்கவே முடியாது.

அடுத்தது குதிரைலாட நண்டு. அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் வாழும் இந்த உயிரினத்தின் இரத்தம் செம்பு கலந்ததால் நீலநிறமானது. அகநச்சு பட்டதும் அது உறைவதை 1956இல் பிரெட்ரிக் பாங் அறிவித்தார். இரத்தக் கலங்களிலிருந்து எடுத்த சாற்றைக் குழாயில் சோதிப்பது விரைவானது, நுட்பமானது. 1970களிலிருந்து சேலைன் போன்றவற்றுக்கு முயலின் இடத்தை அதுவே பெருமளவு பிடித்துக்கொண்டது. என் மகளின் கையில் ஏறியதும் அநேகமாக அந்த நீல இரத்தத்தின் சாட்சியோடு வந்ததாகவே இருக்கும்.

முயலை விட இது மேலானதா? பெட்டியும் மீண்டும் மீண்டும் போடும் ஊசியும் இல்லை என்ற அளவில் ஆம். ஆனால் கடலிலிருந்து அள்ளி, இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றிலொன்று வரை எடுத்து, திரும்பக் கடலில் விடும்போது நூற்றுக்குப் பதினைந்தளவில் இறப்பதாகக் கணிக்கிறார்கள். முப்பது வரை சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு. அந்த நண்டின் முட்டைகளைத் தின்று வட துருவம் நோக்கிப் பறக்கும் ஒரு கரைப்பறவையினமும் அருகிவிட்டது. முயலின் துன்பம் ஆய்வுகூடச் சுவருக்குள் நிற்கிறது, நண்டுக்கு இழைக்கப்படுவது ஒரு கடற்கரை முழுவதற்கும் போகிறது. கண்ணும் காதும் மென்மயிருமாக இருக்கும் ஒன்றுக்கு இரங்குவது எளிது. ஓடு போர்த்திய ஒன்றுக்கு இரங்க எனக்கே நாளெடுத்தது.

மூன்றாவது வழி சிங்கப்பூரில் பிறந்தது. அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பௌ இருவரும் ஆசிய நண்டொன்றின் மரபணுவை எடுத்து, அகநச்சை உணரும் புரதத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கினார்கள். 2003 முதல் விற்பனைக்கு இருக்கிறது. ஐரோப்பிய நியமநூல் 2021இலிருந்து ஏற்றுக்கொண்டது. அகநச்சு தவிர்ந்த காய்ச்சற் பொருட்களை இதுவும் காணாது, நண்டின் சாறும் காணாது. முயலை நியாயப்படுத்துபவர்கள் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த வாதம் அதுதான்.

அந்த வாதத்தை முடித்துவைப்பது நான்காவது வழி. கொடையாளர்களிடம் பெற்ற மனித இரத்தத்தின் வெண்குருதிக் கலங்களோடு மருந்தைச் சேர்த்து, அவை காய்ச்சற் சமிக்ஞைகளை வெளியிடுகின்றனவா என்று பார்ப்பது. எல்லா வகைக் காய்ச்சற் பொருட்களையும் இது காணும், அதுவும் முயலின் உடல்வழியாக அல்லாமல் மருந்தைப் பெறப்போகும் இனத்தின் கலங்கள் வழியாக. 2010இலிருந்து ஐரோப்பிய நியமநூலில் இருக்கிறது. என்னை அசைத்தது வேறொன்று: இரத்தம் தருபவர் சம்மதித்துத் தருகிறார், வேண்டாமென்றால் எழுந்து போகலாம். நான்கு வழிகளிலும் அப்படிக் கேட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

2024 ஜூனில் ஐரோப்பிய நியமநூல் ஆணையம் முயல் சோதனையைத் தன் 57 விதியுரைகளிலிருந்து நீக்க முடிவெடுத்தது. 2025 ஜூலையிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

இலங்கை மருந்தின் பெரும்பகுதியை வாங்குகிற நாடு, விதி எழுதும் இடத்தில் இல்லை என்று சிலர் சொல்வார்கள். இதே கொழும்பில் 1971இல் அரச மருந்துகள் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, வாங்குபவர் சிறியவராயினும் நிபந்தனை போடலாம் என்று உலகுக்குக் காட்டினார். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை மருந்துப் பதிவின்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்: முயலில் சோதித்திருந்தால், ஏன் வேறு வழி முடியவில்லை என்பதற்குக் காரணம் எங்கே? விலங்கு வதைக்கெதிராக நாம் இன்னமும் கையில் வைத்திருப்பது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அது திருந்தும்வரை இந்தக் கேள்வி காத்திருக்க வேண்டியதில்லை.

பெறாமகள் என்னோடு முழுதாக உடன்படவில்லை. மனிதக் கலச் சோதனையை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், கலங்களை உறைநிலையில் காக்க வேண்டும், பயிற்சி வேண்டும், மின்வெட்டையும் டொலர்த் தட்டுப்பாட்டையும் 2022இல் கண்ட ஊரில் அதை ஒரே நாளில் கேட்காதீர்கள் என்கிறாள். நண்டுச் சாற்றை இன்னும் சில ஆண்டுகள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறாள். அதை ஏற்கிறேன். சோதிக்காத சேலைனுக்கும் நண்டுக்கும் இடையே தேர்ந்தெடு என்றால் அந்தக் கட்டிலருகே நின்ற நான் நண்டின் இரத்தத்தையே கேட்பேன், கேட்டதற்காக வருந்தவும் செய்வேன். முயல் சோதனைக்கு மட்டும் அந்தத் தவணையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதன் வேலையைச் செய்யக்கூடிய சோதனை 2010இலிருந்தே இருக்கிறது.