டியூடரா, ஓரிஸா: பத்து ஆண்டுக்கு ஒன்று, முப்பது ஆண்டுக்கு ஒன்று

டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி-எய்ட், ஓரிஸ் டைவர்ஸ் சிக்ஸ்டி-ஃபைவ். இரண்டும் சுவிஸ் வாட்சுகள், கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வகை. கடலில் முக்குளிப்பவர்களுக்காக அந்தக் காலத்தில் வந்த மாடல்களைப் பார்த்துச் செய்தவை. எந்தக் காலம் என்பது பெயரிலேயே இருக்கிறது. டியூடர் 2018-இல் இதைக் கொண்டுவந்தபோது, 200 மீட்டர் ஆழம் தாங்கிய தன் 7924 மாடல் வெளிவந்த 1958-ஐப் பெயராக வைத்தது. ஓரிஸ் 2015-இல் தன் 1965 மாடலை எடுத்துக்கொண்டது. டியூடர் 39 மி.மீ., ஓரிஸ் 40. கையில் கட்டினால் இரண்டும் அழகுதான், அதில் எனக்கு வாதமே இல்லை. பல ஆண்டு வைத்துக்கொள்ள எது என்பதுதான் கேள்வி.

முதல் பத்து ஆண்டுக்கு டியூடர். இதைத் தயங்காமல் சொல்வேன். அதன் எம்டி5402 மெஷின் ஒருமுறை முழுக்கச் சாவி ஏறினால் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஓரிஸில் வழக்கமாக வரும் 733 மெஷினுக்கு 38 மணி நேரம்தான். ஞாயிறு காலை எட்டு மணிக்கே நின்றுவிடும். அதோடு ஓரிஸில் தேதி உண்டு, டியூடரில் கிடையாது. அதனால் நேரத்தோடு தேதியையும் சரிசெய்ய வேண்டும். அதையும் இரவு ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் இடையே செய்யக்கூடாது. தேதி மாற்றும் பல்சக்கரங்கள் கோத்திருக்கும் நேரம் அது. நேரத் துல்லியத்துக்கு டியூடரிடம் சிஓஎஸ்சி என்ற சுவிஸ் சோதனை நிறுவனத்தின் சான்று இருக்கிறது. ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் அதில் சிலிக்கானால் ஆனது என்பதால், ஸ்பீக்கர் பக்கத்திலோ போன் பக்கத்திலோ வைத்தாலும் அந்தச் சுருளில் காந்தம் ஏறாது.

அப்புறம்தான் கணக்கு மாறுகிறது. அதே சிலிக்கான் ஸ்பிரிங் உடைந்தால் வளைத்துச் சீராக்க முடியாது, புதிதுதான் போட வேண்டும். அதுவும் மற்ற உதிரிப் பாகங்களும் வெளிக் கடைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. சர்வீஸுக்குக் கம்பெனி வழியாகத்தான் போயாக வேண்டும். ஓரிஸின் 733-க்கு அடித்தளம், செலிட்டா என்ற சுவிஸ் மெஷின் கம்பெனியின் எஸ்டபிள்யூ200. அது ஈடிஏ என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனியின் 2824 மெஷின் அமைப்பையே பின்பற்றியது. ஆட்டோமேட்டிக் வாட்ச் பார்க்கத் தெரிந்தவர் யாருக்கும் அது பழகிய மெஷின். பாகங்களும் தாராளமாகப் புழங்குகின்றன.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் வீடுகளிலேயே சான்று உண்டு. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் முடிவெடுத்தார்கள். ஆனாலும் அப்பாவோ தாத்தாவோ கட்டிய ஜனதா இன்றும் ஓடுகிறது. தெருமுனையில் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருப்பவரால் அதைத் திறந்து பார்க்க முடிகிறது, அதனால் ஓடுகிறது. முப்பதாவது ஆண்டில் என் வாட்சுக்கும் அந்த வாய்ப்பு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஓரிஸிலேயே காலிபர் 400 என்ற மெஷின் போட்ட சிக்ஸ்டி-ஃபைவும் 2021-இல் வந்தது. ஐந்து நாள் ஓட்டம், பதிவு செய்தால் பத்து ஆண்டு உத்தரவாதம். டியூடர் தருவது ஐந்து ஆண்டு. காகிதத்தில் ஓரிஸ் ஜெயிக்கிறது. ஆனால் காலிபர் 400 ஓரிஸின் சொந்தத் தயாரிப்பு, ஆகவே யாரும் திறக்கலாம் என்ற பலம் அங்கே போய்விடுகிறது.

தோற்றம் எப்படி முதுமையடையும்? பழைய வாட்சுகளின் டயலில் நாம் ரசிக்கும் அந்தப் பழுப்பு, இருட்டில் ஒளிர ரேடியமோ ட்ரிடியமோ கலந்து பூசிய பூச்சு ஆண்டுக்கணக்கில் நிறம் மாறியதால் வந்தது. புதியவற்றில் அந்த நிறத்தையே கலந்து பூசுகிறார்கள். இனி அது தானாகப் பழுக்கப்போவதில்லை. நிஜமாகவே வயதாவது வெளியே இருக்கும் உலோகம்தான். டயலைச் சுற்றியுள்ள வளையம்தான் பெசல்; டியூடரின் அலுமினிய பெசல் வெயிலில் மெல்ல வெளிறலாம், கீறலும் விழும். எனக்குப் பிடித்தது ஓரிஸில் வெண்கல பெசல் வைத்த வகை. கட்டுகிறவரின் வியர்வை, காற்றின் ஈரம் எல்லாம் சேர்ந்து அதன் நிறத்தைத் தீர்மானிக்கும். ஒருவர் வாட்ச் போல இன்னொருவருடையது இருக்காது. பெசல் தோலில் படாததால் பச்சைக் கறை கையில் ஒட்டுமே என்ற கவலையும் இல்லை.

தோல் ஸ்ட்ராப் மட்டும் நம்ம ஊர் வியர்வைக்கு வேண்டாம், ஸ்டீல் செயினோடு வாங்குங்கள். தண்ணீரைப் பொறுத்தவரை டியூடரின் 200 மீட்டரும் ஓரிஸின் 100 மீட்டரும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நன்றாக இருக்கும்வரைதான். நீச்சலுக்குக் கட்டுவதாக இருந்தால் ஆண்டுக்கொருமுறை சோதித்துவிடுங்கள். பின்னால் விற்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மறுவிற்பனையில் டியூடருக்குத்தான் மதிப்பு.

எனக்கு விற்கும் எண்ணம் கிடையாது. ஒன்றே ஒன்று என்றால் செலிட்டா மெஷினும் வெண்கல பெசலும் உள்ள ஓரிஸைத்தான் எடுப்பேன். சனி, ஞாயிறிலும் கழற்றாமல் கட்டிக்கொண்டால் அந்த 38 மணி நேரம் ஒரு குறையாகவே தெரியாது.