டூ பீஸ் கொலாஸ்டமி பை, 57 மி.மீ.: ஒரு டைலரம்மா எழுதுவது

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர் நான். மலக்குடலில் கேன்சர் வந்து, ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டதால் இடது பக்க வயிற்றில் மலம் வெளியே வர வழி வைத்திருக்கிறார்கள், அதுதான் கொலாஸ்டமி, ஆயுசுக்கும் பைதான். பத்து மாதம் ஆகிறது. இப்போது போடுவது டூ பீஸ், அதாவது வயிற்றில் ஒட்டுகிற பிளேட் தனி, அதில் மாட்டுகிற பை தனி. ஐந்துக்கு நாலு ஸ்டார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒன் பீஸ், பிளேட்டும் பையும் ஒன்றாகவே இருக்கும். பையை மாற்றும்போதெல்லாம் பசையோடு தோலும் சேர்ந்து வருகிற மாதிரி இருக்கும். இதில் பிளேட் நாலு நாள் கிடக்கும், பையை மட்டும் கழற்றி மாட்டலாம். பை மாட்டுகிற வளையத்தைச் சுற்றி (57 மி.மீ. என்பது இந்த வளையத்தின் அளவு) விரலால் அழுத்தினால் 'டக்' என்று கேட்கும். கேட்காவிட்டால் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள், நான் ஒரு கல்யாணப் பந்தியில் கற்றுக்கொண்டேன்.

இரண்டாம் மாதமே சுற்றிலும் தோல் வெந்துபோய்விட்டது. கம்பெனிக்காரனைத்தான் திட்டினேன். எரிச்சல் தாங்காமல் தேங்காய் எண்ணெய் வேறு தடவினேன், எண்ணெய் மேலே எந்தப் பசை நிற்கும்? அவிநாசியிலிருந்து வரும்போது டவுன் பஸ்ஸிலேயே ஓரம் கழன்று, முந்தானையை அமுக்கிப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தேன். அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டோமா நர்ஸிடம் போனேன், ஸ்டோமா என்றால் வயிற்றில் வைத்த அந்த வழியின் வாய். பார்த்ததும் அவர் கேட்டது, "கடைசியா எப்பங்க்கா அளவெடுத்தீங்க?"

எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அட்டையை வைத்தே பிளேட்டில் ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் முடிந்து ஆறு எட்டு வாரத்துக்குள் ஸ்டோமாவின் வீக்கம் வற்றிச் சின்னதாகிவிடுமாம். பழைய அளவிலேயே ஓட்டை போட்டால் இடையில் தோல் வெளியே தெரியும், மலம் பட்டுப் பட்டுப் புண்ணாகும். என்னுடையது 40 மி.மீ. இருந்தது 32-க்கு வந்திருந்தது. அளவெடுக்காமல் ஒரு ஜாக்கெட்டுக்குக்கூடக் கத்தரி வைக்காதவள், என் வயிற்று விஷயத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஸ்டோமாவின் வடிவத்துக்கே, சுற்றிலும் 2 மி.மீ. விட்டு, கழுத்து வெட்டுகிற மாதிரி வளைத்து வெட்டி, ஓரத்தை விரலால் தேய்த்து மழமழப்பாக்கி, நன்றாகத் துடைத்துக் காய்ந்த தோலில் ஒட்டி, மேலே உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துகொள்கிறேன். புண் ஆறிவிட்டது.

பையின் மேல்பக்கம் கரி ஃபில்டர் இருக்கிறது, காற்று வெளியே போகும், நாற்றம் போகாது. ஈரமானால் அவ்வளவுதான், வேலை செய்யாது. பெட்டியில் சின்னச் சின்ன ஸ்டிக்கர் வருகிறதே, குளிக்கும்போது அதை ஃபில்டர் மேல் ஒட்டத்தான். நான் இரண்டு பெட்டி ஸ்டிக்கரைக் குப்பையில் போட்டேன். கொள்ளுப் பருப்பு சாப்பிட்ட அன்று மட்டும் ஃபில்டருக்கும் மீறிப் பை பலூன் மாதிரி உப்பிவிடும். சத்தமும் வரும், மெஷின் ஓடும்போது யாருக்கும் கேட்காது, கரண்ட் போனால்தான் வம்பு. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள், கனம் பிளேட்டை இழுக்கும்.

சேலை கட்ட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: முடியும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே என்னைச் சேலையோடு உட்கார வைத்து, குனிய வைத்து, பாவாடை நாடா படாத இடமாகப் பார்த்துப் பேனாவால் குறி போட்டார்கள். டாக்டரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

செலவு மாதம் 4,000 ரூபாய் தாண்டுகிறது, சித்திரை வெயிலில் பிளேட் இரண்டு நாள்கூட நிற்காமல் இன்னும் ஏறும். ஆனாலும் ஸ்டாரைக் குறைத்தது அதற்காக இல்லை. பையின் பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக், வேர்வையில் தொடையோடு ஒட்டி அரித்துப் பிடுங்குகிறது. கட்டிங் வேஸ்டில் வந்த பனியன் துணியில் உறை தைத்துப் போட்டுக்கொண்டேன், ஓவர்லாக்கில் ஐந்து நிமிஷ வேலை. பெட்டிக்கு ஒரு உறை சேர்த்துக் கொடுத்தால் அந்த ஒரு ஸ்டாரையும் போட்டுவிடுகிறேன்.