ஆப்பசோடா என்று எழுதிச் சலவைச் சோடாவை விற்றார்கள்: 640 வெள்ளியும் பவளங்களும் போயின

சிங்கப்பூரில் வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். இணையச் சந்தைத் தளம் ஒன்றில் கடல் தொட்டிப் பொருள்களை விற்கும் ஒருவரிடம் டோசிங் பம்ப் (கரைசலைச் சிறிது சிறிதாகத் தொட்டியில் சொட்டவிடும் கருவி), கால்சியம் தூள், காரத்தன்மைத் தூள், வீட்டுக்கு வந்து பொருத்தித் தரும் கூலி என எல்லாமாகச் சேர்த்து 640 வெள்ளி கொடுத்தேன். அந்த 640 வெள்ளி திரும்பவில்லை; சிறு துண்டுகளிலிருந்து வளர்த்தெடுத்த அக்ரோபோரா என்ற கல்பவளங்களில் பெரும்பாலானவை இன்று தசை உரிந்து வெள்ளையாக நிற்கின்றன. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

அவரை நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. என் 300 லிட்டர் தொட்டியின் நீரை என் கண்முன்னே சோதித்து, காரத்தன்மை, அதாவது நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட் இருப்பு, 8.2 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), கால்சியம் 430 பி.பி.எம். என்றார், என் அளவீடும் அதுவே. பவளம் எலும்பு கட்டும்போது 20 பி.பி.எம். கால்சியத்துக்கு ஏறத்தாழ 2.8 டி.கே.எச். என்ற விகிதத்தில்தான் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் என்பதையும், இரு கரைசல்களும் ஒரே இடத்தில் கலந்தால் சுண்ணாம்பாக வீழ்படிந்துவிடும் என்பதால் வெவ்வேறு நேரங்களில் சொட்டவிட வேண்டும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் பொருளில் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? "அண்ணே, இனி நீங்க ஊருக்குப் போனாலும் தொட்டியைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்" என்று சொல்லி, லிட்டருக்கு 80 கிராம் காரத்தன்மைத் தூள், நாளொன்றுக்கு 110 மில்லி என்று எழுதிய தாளையும் கொடுத்தார். பொட்டலத்தில் சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்பசோடா, என்று அச்சிட்டிருந்தது. நாளுக்கு 1 டி.கே.எச். குடிக்கும் என் தொட்டிக்கு அந்தக் கணக்கு சரியானதே என்று நானும் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் காரத்தன்மை நிற்காமல் ஏறியது. ஏறத் தொடங்கியவுடனே அவருக்குத் தெரிவித்தேன். புதிய பம்ப் நிலைப்படச் சில நாள் ஆகும், இடையில் அளவை மாற்றினால்தான் பவளத்துக்கு ஆபத்து என்றார். அது 12.9 வரை போனது. கால்சியம் 410-க்கு இறங்கியது. நீரோட்டப் பம்புகளின்மேல் சுண்ணாம்பு ஏடு கட்டியது. அக்ரோபோராக்களின் நுனி கருகி, அடியிலிருந்து தசை உரியத் தொடங்கியது. கடல்நீரில் கால்சியம் 400-க்கு மேல் இருப்பதால் 20 குறைந்தாலும் கூடினாலும் பவளம் தாங்கிக்கொள்ளும். காரத்தன்மையின் மொத்த இருப்போ ஏழெட்டுத்தான். அதில் மூன்று நான்கு கூடுவது பாதிக்குப் பாதி கூடுவது. கொல்வது அந்தப் பக்கத்துப் பிழைதான்.

சந்தேகப்பட்டு 150 கிராம் தூளை ஒரு லிட்டர் நீரில் போட்டேன். ஒரு துகள்கூட மிஞ்சாமல் கரைந்தது. நம் வீட்டு வெப்பநிலையில் ஆப்பசோடா லிட்டருக்கு 100 கிராமைச் சற்றுத் தாண்டினாலே அடியில் தங்கிவிடும். பி.எச். தாள் 11-ஐக் காட்டியது. ஆப்பசோடாக் கரைசல் 8-ஐ ஒட்டித்தான் நிற்கும். எனக்கு விற்கப்பட்டது சலவைச் சோடா, சோடியம் கார்பனேட். 53 கிராம் கார்பனேட் 84 கிராம் பைகார்பனேட்டின் வேலையைச் செய்யும் என்பதால், அவர் தாளில் எழுதிய அளவு ஒன்றரை மடங்குக்கும் மேலாகத் தொட்டியில் இறங்கியிருக்கிறது. கார்பனேட்டும் பவளத் தொட்டிக்குப் பயன்படுகிற பொருள்தான். பெயரை மாற்றி எழுதி, அதற்கொரு தவறான அளவையும் கொடுத்ததுதான் அநியாயம்.

ஆதாரங்களுடன் கேட்டபோது முதலில் என் சோதனைப் பெட்டி காலாவதியானது என்றார். வேறொரு புதிய பெட்டியால் அளந்து காட்டியதும் விளக்கின் ஒளி அதிகம் என்றார். அடுத்து, பிரித்த தூளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார். இப்போது செய்தியைப் பார்க்கிறார், பதில் இல்லை. தளத்தின் உதவிப் பிரிவோ, பொருளைப் பெற்றுக்கொண்டதாக நான் ஒப்புதல் அளித்துவிட்டதால் 640 வெள்ளி விற்பவருக்கு விடுவிக்கப்பட்டுவிட்டது என்ற ஒரே வாசகத்தை ஒவ்வொரு முறையும் அனுப்புகிறது. பம்ப் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் ஒப்புதல் அளிக்க முடியும். தூளுக்குள் இருப்பது என்ன என்று பெட்டியைப் பிரித்த அன்றே யாரால் சொல்ல முடியும்?

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. மறுபொட்டலம் இட்ட தூளை வாங்காதீர்கள். எந்தத் தூளையும் முதலில் ஒரு வாளி உப்புநீரில் கரைத்து, காரத்தன்மை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்த பிறகே பம்புடன் இணையுங்கள். ஒரே நாளில் 1 டி.கே.எச்.-க்கு மேல் ஏறினால், விற்பவர் என்ன சொன்னாலும் காரத்தன்மைக் குழாயை நிறுத்துங்கள். பணத்தை விடுவிக்கும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். நான் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யப் போகிறேன். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. இதே தூளை வாங்கியவர்கள் பொட்டலத்தையும் பற்றுச்சீட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.