பிளக்இன் கேட்டு நிற்கும் கேமராப் பெட்டி: வீட்டுக் கணினிக்கு எந்த வழி நல்லது?

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள், பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், நாமக்கல்லில் கோழிப்பண்ணை நடத்துகிறவர்கள் எனக் கொங்கு நாட்டில் பலர் வெகுநாட்களுக்கு முன்பே கேமரா பொருத்திவிட்டார்கள். கேமராக்கள் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன. பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும் இரவு பகலாக ஓடுகிறது. வீட்டுக் கணினியில் அதைப் பார்க்க உட்கார்ந்தால்தான் தொல்லை. பிரவுசரில் முகவரியைத் தட்டினால் நுழைவுப் பக்கம் வருகிறது, பாஸ்வேர்டும் ஏற்கப்படுகிறது. படம் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டமும், பிளக்இன் நிறுவச் சொல்லும் ஒரு வரியும் நிற்கின்றன. நிறுவிவிட்டு வந்தால் மறுபடியும் அதே வரி.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எட்ஜ் பிரவுசரில் பழைய எக்ஸ்ப்ளோரரை எழுப்பு என்கிறார் ஒருவர், பழைய பயர்பாக்ஸைத் தேடிப் போடு என்கிறார் இன்னொருவர், கம்பெனி மென்பொருளே போதும் என்கிறார் மூன்றாமவர். மூன்றிலும் படம் வரும். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. பழைய பெட்டி ஒன்றுக்காக வீட்டுக் கணினி முழுவதையும் பழையதாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், பிள்ளைகள் படிப்பதும், ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் அதே கணினியில்தான்.

குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்பதில் பயன் இல்லை. பிளக்இன் என்பது பிரவுசருக்குள் ஓடினாலும் கணினியின் கோப்புகள் வரை கைநீட்டக்கூடிய தனி நிரல். நெட்ஸ்கேப் கொண்டுவந்த என்பிஏபிஐ, மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் ஆகிய இரண்டும் 1990களின் நடுவில் பிறந்தவை. வைரஸ்கள் நுழைய அவையே வாசலாகிவிட்டதால் பிரவுசர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. குரோம் 2015 செப்டம்பரில் வந்த 45ஆம் பதிப்போடு என்பிஏபிஐயை அடியோடு நீக்கியது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில், 52ஆம் பதிப்பில், ஃபிளாஷ் தவிர மற்றவற்றை நிறுத்தியது. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டது. ஆக்டிவ்எக்ஸுக்கு வீடாக இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வுபெற்றது. உங்கள் டிவிஆர் இவற்றுக்கெல்லாம் முன்பு தயாரானதாக இருந்தால், இன்றைய குரோமில் அதன் பிளக்இன் ஓட வழியே கிடையாது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், கோளாறு உண்மையிலேயே பிளக்இன்னால்தானா என்று பார்த்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு பக்கமே திறக்கவில்லை என்றால் பிளக்இன் மேல் பழி போட வேண்டாம். ரௌட்டர் மறுபடி எழும்போது டிவிஆருக்கு வேறு ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுத்திருக்கலாம். பெட்டியின் நெட்வொர்க் அமைப்பில் முகவரியை நிலையாக வைத்துவிட்டால் இந்தத் தலைவலி ஒழியும். கேமரா அல்லாத வேறு ஏதாவது தளம் தகராறு செய்தால் அதை இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். நாம் தனியாக அனுமதி கொடுக்காத எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்த்த துணை நிரல், எதுவும் அங்கே ஓடாது. அங்கே சரியாக வந்தால் குற்றவாளி ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் அகப்பட்டுவிடும். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலை செய்யாதது வேறு கதை. அங்கே கையொப்பமிடும் எம்சைனர் பிரவுசருக்கு வெளியே, விண்டோஸில் ஓடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்காமல் பிரவுசரை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

இனி கேமராவுக்கு வருவோம். எட்ஜுக்குள் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை எழுப்பும் ஐஇ மோடு மைக்ரோசாஃப்டே கொடுத்த வழி. குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று அது அறிவித்திருக்கிறது. மற்ற தளங்கள் புதிய இயந்திரத்தில் ஓட, நாம் குறிப்பிட்ட பக்கம் மட்டும் பழைய இயந்திரத்தில் ஓடும். பழையதை ஒரு மூலைக்குள் அடைத்துவைக்கும் இந்த ஏற்பாடுதான் எனக்கு இதில் பிடித்தது. எட்ஜின் அமைப்புகளில் டீஃபால்ட் பிரவுசர் பகுதிக்குப் போய் ஐஇ மோடை அனுமதித்து, எட்ஜை மூடித் திறந்து, டிவிஆரின் முகவரியைப் பக்கப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முன்பு மெனுவிலிருந்தே ஒரே சொடுக்கில் மாற முடிந்தது. அந்த வசதியைத் தாக்குதல்காரர்கள் தவறாகப் பயன்படுத்தியதால் 2025இல் மைக்ரோசாஃப்ட் அதை வீட்டுப் பயனர்களிடமிருந்து எடுத்துவிட்டது. பழைய யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டு மெனுவில் தேடித் தேடிச் சலிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகவரியைச் சேர்ப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. கன்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் நம்பகமான தளங்களின் பட்டியலிலும் அதே முகவரியைப் போட வேண்டும். ‘எச்டிடிபிஎஸ் கட்டாயம்’ என்ற டிக்கை எடுத்தால்தான் பெட்டியின் சாதாரண முகவரியை அது ஏற்கும். பிறகுதான் ஆக்டிவ்எக்ஸ் நிறுவ அனுமதி கேட்கும். பாதுகாப்பு அளவுகளை எல்லாத் தளங்களுக்கும் குறைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம்பகமான பட்டியலுக்கு மட்டும் தளர்த்தினால் போதும். இந்த வழியின் பெரிய குறை, பட்டியலில் சேர்த்த பக்கம் 30 நாளில் காலாவதியாகிவிடுவது. ‘போன மாதம் வந்தது, இப்போது வரவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாதா மாதம் புதுப்பிக்க வீட்டில் ஒருவர் இருந்தால் நல்ல வழி. தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் அப்புச்சியின் கணினிக்கு இது ஒத்துவராது.

பழைய பயர்பாக்ஸ் வைத்தியம்தான் எனக்குக் கவலை தருகிறது. சாதாரண 52ஆம் பதிப்பில் நின்றுபோனாலும், அதே பதிப்பின் நீண்டகால ஆதரவு வெளியீட்டில் என்பிஏபிஐ பிளக்இன் ஓடும் என்பது உண்மைதான். நிறுவுவதும் சுலபம், படமும் உடனே வந்துவிடும், எதுவும் காலாவதியாகாது. ஆனால் அந்த வெளியீட்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018இலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் எல்லாம் அதில் திறந்தே கிடக்கின்றன. கேமராவுக்கு மட்டும் என்று சொல்லித்தான் நிறுவுகிறார்கள். கொஞ்ச நாளில் வீட்டில் யாரோ ஒருவர் அதிலேயே மின்கட்டணம் கட்டுகிறார், வங்கிப் பக்கத்தைத் திறக்கிறார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல ஆகிவிடும்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு தருவேன். 2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பழைய விண்டோஸ் 7 கணினி பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கிறது. அதை எடுத்துக் கேமராவுக்கென்றே ஒதுக்கிவிடலாம். ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, இணையத்துக்கு வழிகாட்டும் கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டால், அது டிவிஆரோடு பேசும், இணையத்துக்குப் போகாது. அந்த நிலையில் அதில் எவ்வளவு பழைய பிரவுசர் இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நாள்தோறும் பார்ப்பதற்கு என் முதல் தேர்வு கம்பெனியின் கணினி மென்பொருள்தான். ஹிக்விஷனுக்கு ஐவிஎம்எஸ்-4200, தாவாவுக்கு ஸ்மார்ட் பிஎஸ்எஸ், சிபி பிளஸுக்கு கேவிஎம்எஸ் ப்ரோ என்று ஒவ்வொன்றுக்கும் உண்டு. பிரவுசர் இதில் குறுக்கே வருவதே இல்லை. அதனால் நாளை குரோம் எப்படி மாறினாலும் தறிக்கூடத்தின் படம் நிற்காது. பதினாறு கேமராவையும் ஒரே திரையில் வைக்கலாம், நேற்று இரவுப் பதிவை நேரம் சொல்லித் தேடலாம். குறைகளும் இருக்கின்றன. நிறுவல் கோப்பு பெரியது, நினைவகம் குறைந்த கணினியைத் திணறடிக்கும். கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். பெயர் இல்லாத மலிவுப் பெட்டி வாங்கியவர்களுக்கு எந்த மென்பொருள் என்று தேடுவதே பெரும்பாடு. சில நுணுக்கமான அமைப்புகள் பிரவுசர் பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்த வேலைக்கு ஐஇ மோடை வைத்துக்கொள்ளலாம்.

திருப்பூர் வீட்டிலிருந்து தாராபுரத்துத் தோட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், ரௌட்டரில் போர்ட்டை, அதாவது வெளி இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்துவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுவதும் பிடித்துக்கொண்டது. அவற்றை ஏவி, அந்த ஆண்டு அக்டோபரில், தளப் பெயர்களுக்கு உரிய இணைய முகவரியைக் காட்டிக்கொடுக்கும் டின் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர் உட்படப் பெரிய தளங்களே முடங்கின. வெளியிலிருந்து பார்க்க விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை அல்லது கம்பெனியின் கைப்பேசிச் செயலி போதும். பாஸ்வேர்டை மாற்றுவது எந்த வழியிலும் முதல் வேலை.

விஎல்சி என்ற வீடியோ பிளேயர் எளிமையான மாற்று. பெட்டி ஆர்டிஎஸ்பி என்ற நேரலை முறையில் படம் கொடுத்தால், பெரும்பாலும் 554ஆம் போர்ட் வழியாக, விஎல்சியின் நெட்வொர்க் ஸ்ட்ரீமில் முகவரியைக் கொடுத்து நேரலையைப் பார்க்கலாம். ஹிக்விஷன் முகவரியில் 101 என்பது முதல் கேமராவின் முழுப் படம், 102 அதன் சிறிய படம். லினக்ஸிலும் மேக்கிலும் ஆக்டிவ்எக்ஸ் கிடையாது என்பதால் அங்கே இதன் மதிப்பு கூடுகிறது. பழைய பதிவைத் தேட மட்டும் இது உதவாது. கிணற்று மோட்டார் ஒயரைத் திருடர்கள் அறுத்துப் போன மாதிரி அவசரத்தில் பதிவு தேவைப்பட்டால் பிரவுசரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெட்டியிலேயே மானிட்டரும் மவுஸும் செருகி, பென் டிரைவில் எடுத்துக் காவல் நிலையத்துக்குப் போய்விடலாம். பழைய பதிவுகளின் மேல் புதியவை ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

கடைசி வழி டிவிஆரின் ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, புதுப்பிப்பது. சில கம்பெனிகள் தங்கள் பெட்டிகளுக்குப் பிளக்இன் தேவைப்படாத பக்கத்தையே புதிய ஃபர்ம்வேரில் கொடுத்தன. உங்கள் மாடலுக்கு அது இருந்தால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும் பெட்டி எழாமல் போகலாம். நடுவில் மின்சாரம் போனாலும் அதே கதிதான். எனவே மின்தடை அறிவித்த நாளில் தொடக்கூடாது, மற்ற நாளிலும் யுபிஎஸ் இல்லாமல் தொடக்கூடாது. புதுப்பிப்பு கிடைக்காமல் புதுப் பெட்டியே வாங்குவதென்றால், காந்திபுரத்துக் கடையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பணம் கொடுப்பதற்கு முன் அதைக் குரோமில் திறந்து காட்டச் சொல்லுங்கள். நேரலையோடு நிற்காமல், முந்தைய நாள் பதிவும் பிளக்இன் கேட்காமல் ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.