உயரமான காரும் என் இடுப்பும்: ஐந்து வருட அனுபவம்

இந்தக் காரை எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. மீட்டரில் 72,000 கிலோமீட்டர். மைலேஜ், பிக்அப் எல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இதில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் கை வலிக்காது, ஆனால் மண்டை களைத்திருக்கும். பழைய காரில் நேர் எதிர்: தோள் கடுக்கும், மனசு மட்டும் தெளிவாக இருக்கும். ஏன் என்று பிடிபடவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

பழையது தாழ்வான செடான், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். சாலையில் மணல் கிடந்தால் உள்ளங்கையில் தெரியும். மழையில் முன் டயரின் பிடி தளர்ந்தால் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகும். என்ன ஏது என்று யோசிப்பதற்குள் கால் ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும். புதியதில் மோட்டார் உதவும் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். பார்க்கிங்கில் ஒரு விரலால் சுற்றலாம், சொர்க்கம். ஆனால் வேகத்தில் போகும்போது அதே பஞ்சு மாதிரிதான். கைக்கு எந்தச் சேதியும் வராததால் கண்தான் முழு நேரமும் காவல் காக்கிறது. அந்தக் களைப்புதான் மண்டையில் ஏறுகிறது என்பது என் கணக்கு. எலெக்ட்ரிக் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. நன்றாக டியூன் செய்த ஒன்றை ஓட்டிப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

உயரத்துக்கு வருகிறேன். முதல் மாதம் ராஜா மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். கண் தரையிலிருந்து உயரத்தில் இருந்தால் சாலை மெதுவாக ஓடுவது போலத் தோன்றும். 80-இல் போகிறேன் என்று நினைத்து மீட்டரைப் பார்த்தால் 95. தாழ்ந்த காரில் 80-க்கே உடம்பு உஷாராகிவிடும்.

வளைவுகளில் கதை மாறுகிறது. கார் ஒரு பக்கம் சாய்கிறது, சீட்டின் ஓரங்களோ தட்டையாக இருக்கின்றன, அணைத்துப் பிடிக்க எதுவும் இல்லை. முட்டியைக் கதவில் ஊன்றித்தான் உடம்பை நிறுத்துகிறேன். மலைப்பாதையில் ஐம்பது வளைவு திரும்பி இறங்கினால், கதவுப் பக்கத்து முட்டியில் சிவப்புத் தடம். இடுப்பைக் கேட்கவே வேண்டாம்.

பின்சீட்டின் நிலைமை இன்னும் மோசம். "நீங்க ஓட்டினா முன்னெல்லாம் தூக்கம் வரும், இப்ப வாந்திதான் வருது" என்றாள் மனைவி. கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது சரிதான். உள்காது அசைவை உணர்கிறது, போனில் பதிந்த கண் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல். சஸ்பென்ஷன் நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்குவதை வயிறு பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஐந்து நொடிக்கு ஒரு தடவை என்கிற மெதுவான ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டும். நான் வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடித்து, பாதியில் மறுபடி மிதித்து, சாய்கிற காரை இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். பழைய கார் அந்தத் தப்பை மன்னித்தது, இது மன்னிக்கவில்லை.

ஒரு வாரம் முழுக்கக் காரணமே தெரியாமல் எரிச்சலாக இருந்தேன். சின்னப் பள்ளம்கூட முதுகுத்தண்டில் குத்தியது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் டயரில் காற்றைப் பார்த்தால் 42 பிஎஸ்ஐ. இருக்க வேண்டியது 33. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் அளவு பார்க்காமல் அடித்துவிட்டிருக்கிறார்கள். குறைத்த அன்று மாலையே மனிதனானேன்.

ஏசி விஷயம் சின்னது. உள்காற்றையே சுற்ற விட்டால் நாம் விடும் கார்பன் டையாக்சைடு உள்ளேயே சேரும், மதியத்தில் கண் சொருகும். வெளிக்காற்றை அவ்வப்போது திறந்துவிடுகிறேன். ஆனால் அதற்கும் திரையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும், சாலையிலிருந்து கண்ணை எடுத்து. 2026 முதல், கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பில் முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ லீவரோ இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஏசியைச் சேர்க்கவில்லையே என்பது என் வருத்தம்.

பழைய காரைத் தம்பியிடம் கொடுத்திருந்தேன். போன மாதம் வாங்கி ஓட்டினேன். ஸ்டீயரிங் அதே பழைய சினேகம். ஆனால் இருபதாவது நிமிடத்தில் தொடைக்கு அடியில் தாங்கல் இல்லாமல் கால் மரத்தது, டயர் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. ஞாபகத்தில் இதெல்லாம் எப்படியோ விடுபட்டிருந்தது.

இப்போது சீட் முதுகை முன்பைவிட நிமிர்த்தி வைத்திருக்கிறேன், பின்பாக்கெட்டில் பர்ஸ் வைப்பதில்லை, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு ஒரே சீராகத் திருப்புகிறேன். போன வாரம் அதே மலைப்பாதை. ஐந்தாவது வளைவு தாண்டிக் கண்ணாடியில் பார்த்தால், போன் மடியில் கிடக்க, வாய் லேசாகத் திறந்தபடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.